ஒரு தரப்பு, பல வழக்கறிஞர்கள்: இந்திய நீதிமன்ற நடைமுறையில் சார்பாண்மை விதிகள்

முன்னுரை

இந்திய நீதிமன்றத் தீர்ப்புகளை ஆய்வு மூலங்களாகப் பயன்படுத்தும் போக்கு இந்திய ஆய்வியலில் பெருகி வருகிறது. கோயில் உரிமை, ஜமீன் வாரிசுரிமை, சாதி வழக்காறு, பெண்ணின் சொத்துரிமை ஆகியவற்றை ஆராய்வோர் சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்புத் தொகுதிகளை நாடுவது இன்று இயல்பாகிவிட்டது. அத்தீர்ப்புகளில் ஒவ்வொரு தரப்புக்கும் நேராக வழக்கறிஞர்களின் பெயர்கள் தரப்பட்டிருக்கும். சிலவற்றில் ஒரு தரப்புக்கு ஒரு பெயர் இருக்கும். சிலவற்றில், குறிப்பாக அண்மைக்கால உச்ச நீதிமன்ற ஆணைகளில், பத்துப் பெயருக்கு மேலும் நீளும். அவர்கள் அனைவரும் வாதாடினார்களா? அனைவரையும் கட்சிக்காரரே அமர்த்தினாரா? அவர்களுள் ஒருவர் ஒன்றும் மற்றொருவர் வேறொன்றும் சொன்னால் எதனை நீதிமன்றம் ஏற்கும்? இவ்வினாக்களுக்கு விடை தெரியாமல் அப்பெயர்ப்பட்டியலைப் படிப்பவர் தவறான முடிவுக்கு வரக்கூடும்.

ஒரு தரப்புக்காகப் பல வழக்கறிஞர்கள் முன்னிலையாவதை நெறிப்படுத்தும் இந்திய விதிகளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது. இவ்விதிகள் வழக்கறிஞர்களின் தொழில் ஒழுங்கோடு முடிந்துவிடுவன அல்ல. தான் விரும்பியவரை அமர்த்திக்கொள்ளும் கட்சிக்காரரின் உரிமையும், தனக்கு முன் நிற்பவர் யார் என்பதை உறுதியாக அறியும் நீதிமன்றத்தின் தேவையும் எதிரெதிரே நிற்கும் இடம் இது. இவ்விரண்டையும் சட்டம் எவ்வாறு பொருத்துகிறது என்பதே ஈண்டு நம் கவனத்திற்குரியது.

வக்காலத்து: சொல்லும் பொருளும்

அரபு மொழியில் 'வக்கீல்' என்பது பிறர் ஒருவரின் காரியத்தை ஒப்புக்கொண்டு நடத்துபவரைக் குறிக்கும். அப்பொறுப்பு 'வகாலத்'. பாரசீகத்தில் எழுத்தாவணத்தைக் குறிக்கும் 'நாமா' அதனோடு சேர்ந்து 'வக்காலத்து நாமா' ஆயிற்று. முகலாய ஆட்சிமொழியின் வழியாகக் கம்பெனி நீதிமன்றங்களுக்கு வந்த இச்சொல் தமிழில் ஆழ வேரூன்றிவிட்டது. ஒருவர் கேளாமலே அவருக்காகப் பரிந்து பேசுபவரை 'ஏன் வக்காலத்து வாங்குகிறாய்?' என்று கேட்பது தமிழரின் அன்றாட வழக்கு. இவ்வழக்கில் ஒரு சட்டக்கருத்து பொதிந்துள்ளது. பிறருக்காகப் பேசும் தகுதி ஒருவருக்குத் தாமாக வருவதன்று. அஃது அப்பிறரிடமிருந்து பெறப்பட வேண்டும்.

இக்கருத்து பழமையானது. தந்தையாகவோ மகனாகவோ உடன்பிறந்தாராகவோ அமர்த்தப்பட்ட சார்பாளராகவோ இல்லாத ஒருவர் பிறருக்காக வழக்கில் பேசுவது தண்டனைக்குரியது என்று நாரத ஸ்மிருதி கூறுகிறது. தமிழ் இலக்கியத்தின் புகழ்பெற்ற வழக்கு, இடையாள் எவரும் இன்றி நடந்தது. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையில் கண்ணகி தன் வழக்கைத் தானே உரைக்கிறாள். தரப்பினர் நேரில் நின்று பேசும் இம்முறைமைக்கு இன்றைய இந்தியச் சட்டமும் இடமளிக்கிறது. எனினும் பிறர் வழியாகப் பேசத் தொடங்கியதும் 'யார் வழியாக?' என்ற வினா எழுந்துவிடுகிறது.

வரலாற்றுப் பின்னணி

ஒரு தரப்புக்குப் பலர் தேவைப்பட்டதன் முதற்காரணம் வழக்கின் சிக்கலன்று, தொழிலின் பிரிவுகளே. 1862 இல் சென்னை உயர் நீதிமன்றம் நிறுவப்பட்டபோது அங்கு மூவகைத் தொழிலர் இருந்தனர். இங்கிலாந்து மரபில் வந்த பாரிஸ்டர்கள் வாதாடினர். அட்டர்னிகள் கட்சிக்காரரைச் சந்தித்து, ஆவணங்களைத் தயாரித்து, பாரிஸ்டருக்குக் குறிப்பளித்தனர். பழைய சதர் அதாலத்து நீதிமன்றத்தின் மரபில் வந்த வக்கீல்கள் இரு பணிகளையும் செய்தனர். கல்கத்தாவிலும் பம்பாயிலும் உயர் நீதிமன்றத்தின் மூல வழக்குப் பிரிவில் அட்டர்னி ஒருவரும் பாரிஸ்டர் ஒருவருமாகக் குறைந்தது இருவரை அமர்த்தாமல் வழக்காட இயலாத நிலை நெடுங்காலம் நீடித்தது. சென்னையிலோ 1866 இலேயே வக்கீல்கள் மூல வழக்குப் பிரிவிலும் செயற்பட்டு வாதாட இடம் பெற்றனர். இருவருக்குக் கட்டணம் செலுத்த வேண்டிய கட்டாயத்திலிருந்து சென்னைக் கட்சிக்காரர் முன்னதாகவே விடுபட்டமைக்கு இதுவே காரணமாகும்.

பெரிய ஜமீன் வழக்குகளில் நிலைமை வேறு. 1863 இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்த சிவகங்கை வாரிசுரிமை வழக்கினையும், 1868 இல் தீர்ப்பான இராமநாதபுரம் சுவீகார வழக்கினையும் எண்ணிப் பார்க்கலாம். மாவட்ட நீதிமன்றத்திலும் சென்னையிலும் வக்கீல்கள், இலண்டனில் சொலிசிட்டர், அவருக்கு மேல் பாரிஸ்டர் என ஒரே தரப்புக்காக ஒரு வரிசையே உழைத்தது. இத்தகைய வழக்குகளின் ஆவணங்களை ஆராய்வோர், எந்தப் பெயர் எந்தப் படிநிலைக்கு உரியது என்பதைப் பிரித்தறிதல் இன்றியமையாதது.

இக்காலச் சூழலை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று சேத்தூர் சங்கரன் நாயரின் வாழ்வில் உண்டு. ஆங்கிலேய பாரிஸ்டருக்கு இளையவராக எந்த இந்திய வக்கீலும் பணியாற்றலாகாது என்று சென்னையின் இந்திய வக்கீல்கள் தீர்மானித்தபோது அவர் அதனை எதிர்த்தார். தாம் விரும்பும் பாரிஸ்டரை அமர்த்திக்கொள்ளும் உரிமை கட்சிக்காரருக்கு இருக்க வேண்டும் என்பது அவர்தம் வாதம். இனப் பாகுபாட்டிற்கு எதிரான தன்மான உணர்வு ஒருபுறமும் கட்சிக்காரரின் தெரிவுரிமை மறுபுறமும் மோதிய நிகழ்ச்சி இது. ஒரு தரப்புக்காக யார் யாரோடு சேர்ந்து நிற்கலாம் என்பதை வழக்கறிஞர் குழு முடிவு செய்வதா, கட்சிக்காரர் முடிவு செய்வதா என்ற வினா அன்றே எழுந்துவிட்டது.

1926 ஆம் ஆண்டின் இந்திய பார் கவுன்சில்கள் சட்டமும், எஸ். ஆர். தாஸ் தலைமையிலான குழுவின் 1953 ஆம் ஆண்டு அறிக்கையும், அதன் வழிவந்த 1961 ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டமும் இப்பிரிவுகளைப் படிப்படியாகக் கரைத்தன. 1976 ஆம் ஆண்டின் திருத்தத்தால், 1977 சனவரி முதல் நாளன்று, அட்டர்னி என்ற தனிப்பிரிவும் மறைந்தது.

செயற்படுதலும் வாதாடுதலும்

பிரிவுகள் மறைந்தாலும் பணிகளின் வேறுபாடு மறையவில்லை. 1908 ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 3, விதி 4 இவ்வேறுபாட்டின் மீதே கட்டப்பட்டுள்ளது. தரப்பினருக்காக மனுத் தாக்கல் செய்தல், அறிவிப்பைப் பெறுதல், ஆவணம் அளித்தல், பணம் பெறுதல் போன்றவை 'செயற்படுதல்' ஆகும். நீதிபதியின் முன் நின்று வழக்கை எடுத்துரைப்பது 'வாதாடுதல்' ஆகும்.

செயற்பட விரும்பும் வழக்கறிஞர், கட்சிக்காரரோ அவர்தம் அதிகாரம் பெற்றவரோ கையொப்பமிட்ட எழுத்தாவணத்தை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதுவே வக்காலத்து. ஒரே வக்காலத்தில் இருவர், மூவர் பெயர்களைச் சேர்ப்பதற்குத் தடையில்லை. அவர்கள் கூட்டாகவும் தனித்தனியாகவும் செயற்படலாம் என்று அதில் எழுதுவது வழக்கம். இத்தொடரின் பயன் பெரிது. ஒருவர் இல்லாதபோது மற்றவர் தாக்கல் செய்யும் மனு செல்லுமா என்ற ஐயம் இதனால் நீங்குகிறது.

வாதாடுவதற்கு மட்டும் அமர்த்தப்படுபவருக்கு வக்காலத்துத் தேவையில்லை. வழக்கின் தரப்பினர் யார், தாம் யாருக்காக முன்னிலையாகிறார், தமக்கு அதிகாரம் அளித்தவர் யார் என்னும் மூன்றையும் குறிப்பிட்டுத் தாமே கையொப்பமிட்ட முன்னிலைக் குறிப்பாணையை அவர் அளித்தால் போதும். ஏற்கெனவே வக்காலத்து அளித்துள்ள வழக்கறிஞரே அவரை அமர்த்தியிருந்தால் அக்குறிப்பாணைக்கும் தேவை இல்லை. இவ்விதிவிலக்கே இந்திய நீதிமன்றங்களில் ஒரு தரப்புக்குப் பலர் நிற்பதற்கான அடிப்படை வாயில். வக்காலத்து என்னும் ஒரே வேரிலிருந்து கிளைகள் பல தோன்றலாம். வேரில்லாக் கிளைக்கு இடமில்லை.

வக்காலத்து ஒருமுறை தாக்கலானால், நீதிமன்றத்தின் அனுமதியோடு எழுத்து மூலம் முடிவுக்குக் கொண்டுவரப்படும் வரையிலும், அல்லது கட்சிக்காரரோ வழக்கறிஞரோ இறக்கும் வரையிலும், அல்லது வழக்கு நடவடிக்கைகள் முற்றும் முடியும் வரையிலும் நீடிக்கும். எனவே புதியவர் வந்ததாலேயே பழையவர் விலகியதாகக் கொள்ளலாகாது.

புதியவர் வரும் முறையை இந்திய பார் கவுன்சிலின் தொழில் ஒழுக்க விதிகளில் 39 ஆம் விதி வரையறுக்கிறது. ஒருவர் ஏற்கெனவே வக்காலத்து அளித்துள்ள வழக்கில் மற்றொருவர் முன்னிலையாக வேண்டுமாயின் முன்னவரின் இசைவு வேண்டும். இசைவு கிட்டாவிடில் அதற்கான காரணத்தைக் கூறி நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும். கட்டணப் பாக்கிக்காக இசைவை மறுப்பதும் வழக்குக் கட்டுகளைத் தடுத்து வைப்பதும் நிகழ்வதுண்டு. ஆர். டி. சக்சேனா எதிர் பல்ராம் பிரசாத் சர்மா வழக்கில் 2000 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதற்குத் தீர்வு கண்டது. கட்டணத்திற்காகக் கட்டுகளைப் பிடித்து வைக்கும் உரிமை வழக்கறிஞருக்கு இல்லை. வழக்கறிஞரை மாற்றிக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை. கட்டணம் வேண்டுவோர் வேறு சட்டவழியில் அதனைக் கோரலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். 39 ஆம் விதி வழக்கறிஞரிடையே நாகரிகத்தைக் காக்கிறது. சக்சேனா தீர்ப்பு அந்நாகரிகம் கட்சிக்காரருக்கு விலங்காகாமல் காக்கிறது.

மூத்த வழக்கறிஞர்

வழக்கறிஞர்கள் சட்டம், பிரிவு 16 வழக்கறிஞர்களை மூத்த வழக்கறிஞர், பிற வழக்கறிஞர் என இரண்டாகப் பகுக்கிறது. திறமை, தொழிலில் பெற்ற மதிப்பு, சட்டத்துறையில் தனியறிவு அல்லது பட்டறிவு ஆகியவற்றைக் கருதி உச்ச நீதிமன்றமோ உயர் நீதிமன்றமோ ஒருவரை அவர்தம் இசைவுடன் மூத்தவராக அறிவிக்கும். இப்பெருமைக்கு விலையும் உண்டு. மூத்த வழக்கறிஞர் வக்காலத்துத் தாக்கல் செய்யலாகாது; கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்குக் குறிப்பைப் பெறலாகாது; உச்ச நீதிமன்றத்தில் அந்நீதிமன்றப் பதிவேட்டில் உள்ள வழக்கறிஞர் இன்றியும், பிற நீதிமன்றங்களில் மாநிலப் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் ஒருவர் இன்றியும் முன்னிலையாகலாகாது.

ஆகவே மூத்த வழக்கறிஞரை நாடும் கட்சிக்காரர் ஒருவரை அமர்த்த எண்ணி இருவருக்குக் கட்டணம் செலுத்துகிறார். சென்னையில் 1866 இல் நீங்கிய இரட்டை முறை இங்கு வேறு வடிவில் மீண்டும் தலைகாட்டுகிறது என்று கருதுவோர் உண்டு. ஆயினும் வேறுபாடு உண்டு. அன்று இருவரை அமர்த்துவது கட்டாயம்; இன்று அது தெரிவு. மேலும், அன்றாட அலுவல்களிலிருந்து விடுபட்டுச் சட்டவினாவில் மட்டும் ஊன்றி நிற்கும் ஒருவர் நீதிமன்றத்திற்கும் பயன்படுகிறார். எனினும் எதிர்த்தரப்பில் மூத்த வழக்கறிஞர் நிற்க, தம் தரப்பில் இளையவர் ஒருவரை மட்டுமே நிறுத்த இயலும் ஏழைக் கட்சிக்காரரின் நிலையை இவ்வாதம் முழுதும் தீர்ப்பதாகாது.

உச்ச நீதிமன்றப் பதிவு வழக்கறிஞர்

உச்ச நீதிமன்றத்தில் விதிகள் இன்னும் இறுக்கமானவை. அங்கு வக்காலத்து அளித்துச் செயற்படும் உரிமை 'அட்வகேட் ஆன் ரெக்கார்டு' எனப்படும் பதிவு வழக்கறிஞருக்கு மட்டுமே உரியது. நான்காண்டுத் தொழில், அதன்பின் ஓராண்டுப் பயிற்சி, உச்ச நீதிமன்றம் நடத்தும் தேர்வு ஆகியவற்றைக் கடந்தவரே இத்தகுதியைப் பெறுவர். தில்லியில் நீதிமன்றத்திலிருந்து 16 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் அலுவலகம் இருத்தலும் வேண்டும். 2013 ஆம் ஆண்டின் உச்ச நீதிமன்ற விதிகளின்படி, பதிவு வழக்கறிஞரின் அறிவுறுத்தலோ நீதிமன்றத்தின் அனுமதியோ இன்றி வேறெந்த வழக்கறிஞரும் அங்கு வாதாட இயலாது.

இக்கட்டுப்பாடு வழக்கறிஞரின் தொழிலுரிமைக்கு முரணானது என்று லில்லி இசபெல் தாமஸ் தொடுத்த வழக்கு 1964 இல் தோல்வியுற்றது. தன்முன் யார் செயற்படலாம் என்பதை வரையறுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பின் 145 ஆம் பிரிவு உச்ச நீதிமன்றத்திற்கு வழங்கியுள்ளது என்பதே காரணம். பதிவு வழக்கறிஞர் முறையின் பயன் தெளிவானது: எத்தனை பேர் வாதாடினாலும், வழக்குக்குப் பொறுப்பேற்பவர் ஒருவர் இருப்பார், நீதிமன்றம் அவரையே வினவும்.

யாருடைய சொல் தரப்பைக் கட்டுப்படுத்தும்?

பலர் நின்றாலும் தரப்பு ஒன்றே. அதன் வழக்குரையும் ஒன்றே. எதிர்வாதி ஒருவருக்கு மூன்று வழக்கறிஞர்கள் இருப்பின் மூன்று எதிருரைகள் தாக்கலாவதில்லை. வக்காலத்து அளித்த வழக்கறிஞரிடம் சேர்ப்பிக்கப்படும் அறிவிப்பு கட்சிக்காரருக்கே தெரிவிக்கப்பட்டதாக அனுமானிக்கப்படும். வாய்மொழி வாதத்திற்கு நீதிமன்றம் காலவரையறை செய்யலாம் என்பதால், வழக்கறிஞர் பெருகுவதால் பேசும் நேரம் பெருகுவதும் இல்லை.

வாய்தா கேட்பதிலும் பலரை அமர்த்தியதன் விளைவு தெரியும். கட்டளை 17, விதி 1 இன்படி, வழக்கறிஞர் வேறு நீதிமன்றத்தில் இருக்கிறார் என்பது வாய்தாவுக்குக் காரணமாகாது. அவர் நோயுற்றார் என்று கூறினாலும், உரிய காலத்தில் வேறொருவரை அமர்த்தியிருக்க இயலாது என்பது நீதிமன்றத்திற்குத் தெளிவாக வேண்டும். ஒரே வக்காலத்தில் மூவர் பெயரைக் கொண்ட தரப்பு இதனை மெய்ப்பிப்பது அரிது.

சமரசம் குறித்த நிலை நுட்பமானது. கட்சிக்காரருக்காகச் சமரசம் செய்யும் அதிகாரம் வழக்கறிஞருக்கு உள்ளார்ந்து உண்டென 1991 இல் பைராம் பெஸ்தோஞ்சி கரிவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2015 இல் ஹிமாலயன் கூட்டுறவு வீட்டுவசதிச் சங்க வழக்கில், வழக்கறிஞர் கட்சிக்காரரின் நம்பிக்கைக்குரிய முகவர் என்றும், அவர்தம் உரிமையைப் பாதிக்கும் ஒப்புதலைத் தெளிவான அறிவுறுத்தலின்றி அளிக்கலாகாது என்றும் வலியுறுத்தியது. மூத்த வழக்கறிஞர் வாதத்தின்போது விட்டுக்கொடுக்கலாம் எனினும், அதனையும் உடனிருக்கும் இளையவரின் அறிவுறுத்தலைப் பெற்றே செய்ய வேண்டும். அறிவுறுத்தல் கட்சிக்காரரிடமிருந்து வக்காலத்துப் பெற்றவருக்கும், அவரிடமிருந்து வாதாடுபவருக்கும் செல்லுதல் வேண்டும். இச்சங்கிலி எங்கு அறுந்தாலும் வாதம் தரப்பினுடையதாகாது.

குற்றவியல் வழக்கில் இவ்வொருமைப்பாடு இன்னும் கண்டிப்பாகக் காக்கப்படுகிறது. பாதிக்கப்பட்டவர் தமக்கென வழக்கறிஞரை அமர்த்தலாம். ஆனால் அவர் அரசு வழக்கறிஞருக்குத் துணை நிற்கலாமேயன்றித் தாமே தனித்துச் சாட்சியை விசாரிக்கவோ வாய்மொழியாக வாதாடவோ இயலாது என 2019 இல் ரேகா முரார்கா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரே தரப்பில் இரு குரல்கள் எழுந்தால் அத்தரப்பின் வழக்கே சிதையும் என்ற அச்சம் இதன் பின்னணியில் உள்ளது.

யாருடைய பெயர் பதிவாகும்?

வக்காலத்தின் அடிப்படைப் பொருளை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்திற்கு வந்த பகவான் சிங் எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கு மீண்டும் நினைவூட்டியது. மனுதாரர் எனக் குறிக்கப்பட்டவரே, தாம் அம்மனுவைத் தாக்கல் செய்யவில்லை என்றும், தமக்காக நின்ற வழக்கறிஞர்களைத் தாம் அறியேன் என்றும் கூறினார். நீதிமன்றம் மத்தியப் புலனாய்வு விசாரணைக்கு ஆணையிட்டது. அத்துடன், அன்றைய நாளில் முன்னிலையாகி வாதாட அதிகாரம் பெற்றவர்களின் பெயர்களை மட்டுமே பதிவு வழக்கறிஞர்கள் அளிக்க வேண்டும் எனவும் பணித்தது.

இப்பணிப்பை வழக்கறிஞர் சங்கங்கள் மறுபரிசீலிக்க வேண்டின. நீதிமன்ற வளாகத்தில் அறை ஒதுக்கீடு, சங்கத் தேர்தலில் வாக்குரிமை ஆகியவை முன்னிலைப் பதிவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவை. இரவெல்லாம் சட்டங்களைத் தேடிக் குறிப்பெடுத்த இளையவரின் உழைப்புக்குச் சான்றாக நிற்பதும் அப்பெயர் ஒன்றே. 2025 மார்ச் 19 அன்று நீதிமன்றம் தன் தீர்ப்பை வழங்கியது. அதிகாரம் பெறாமல் முன்னிலையாகவோ பெயர் பதியவோ எவருக்கும் உரிமை இல்லை. நேரில் நின்று வாதாடும் மூத்த வழக்கறிஞர், பதிவு வழக்கறிஞர், வழக்கறிஞர் ஆகியோரின் பெயரும், அவ்வாறு வாதாடும் ஒவ்வொருவருக்கும் துணைநிற்கும் ஒருவரின் பெயருமே பதிவாகும் என்பது அதன் முடிவு.

இத்தீர்ப்பில் நீதிமன்றத்தின் நோக்கம் நேரியது. நீதிமன்றப் பதிவேடு உண்மையைக் கூறுவதாக இருத்தல் வேண்டும்; ஆய்வாளர்க்கும் இது நன்மையே. எனினும் நூலகத்திலும் அலுவலகத்திலும் உழைத்த இளையோரின் பங்கு பதிவின்றி மறைவதும் உண்மையே. அவர்தம் உழைப்பை மதிப்பதற்குப் பதிவேடு அல்லாத வேறு வழி காணப்பட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

மலேசியாவும் சிங்கப்பூரும்

நம் நாடுகளின் முறை ஒப்பீட்டுக்கு உதவும். மலேசியாவில் 1976 ஆம் ஆண்டின் வழக்கறிஞர் தொழில் சட்டம் இரு பணிகளையும் ஒருவரிடமே இணைத்துள்ளது. 'பெகுவாம் பெலா டான் பெகுவாம் சாரா' என்னும் மலாய்ப் பெயரே வாதாடுபவரையும் செயற்படுபவரையும் ஒருங்கே சுட்டுகிறது. சிங்கப்பூரும் இணைந்த தொழில்முறையையே பின்பற்றுகிறது. 1997 முதல் அங்கு மூத்த வழக்கறிஞர் என்னும் சிறப்புநிலை வழங்கப்படுகிறது. குறிப்பிட்ட வழக்குக்கு மட்டும் வெளிநாட்டு வழக்கறிஞரை நீதிமன்றத்தின் அனுமதியுடன் சேர்த்துக்கொள்ளும் வழியும் இரு நாடுகளிலும் உண்டு. இங்கு ஒரு தரப்புக்குப் பலர் நிற்பது பெரும்பாலும் வழக்கின் அளவையும் கட்சிக்காரரின் விருப்பத்தையும் பொறுத்தது. தொழிற்பிரிவின் கட்டாயத்தால் அன்று.

முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. முதலாவது, இந்தியச் சட்டம் ஒரு தரப்புக்கான வழக்கறிஞரின் எண்ணிக்கைக்குப் பொதுவான உச்சவரம்பு விதிக்கவில்லை; அவர்களின் அதிகாரம் கட்சிக்காரரின் கையொப்பத்திலிருந்து தொடங்குவதையே வற்புறுத்துகிறது. இரண்டாவது, செயற்படுதலும் வாதாடுதலும் வேறு என்னும் பாகுபாடு, தொழிற்பிரிவுகள் ஒழிந்த பின்னும் விதிகளில் உயிருடன் உள்ளது. மூன்றாவது, பலர் பேசினும் தரப்பின் நிலைப்பாடு ஒன்றாகவே கொள்ளப்படும்.

தீர்ப்புகளைக் கையாளும் ஆய்வாளர், பெயர்ப்பட்டியலில் வக்காலத்துப் பெற்றவர் யார், வாதாடியவர் யார், உடனிருந்தவர் யார் என்று பிரித்தறிய வேண்டும். வகுப்பறையில் வழக்குரை காதையைக் கற்பிக்கும் ஆசிரியர், 'பிறருக்காகப் பேசும் உரிமை எங்கிருந்து வருகிறது?' என்ற வினாவை மாணவர் முன் வைக்கலாம். 1981 இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில், வழக்கறிஞர் வாராமையால் குற்றமற்ற கட்சிக்காரர் துன்புறலாகாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. கிராமத்தில் இருந்துகொண்டு, தன் வழக்கை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு நம்பிக்கையோடு காத்திருக்கும் மனிதரை மனத்தில் கொண்டு எழுதப்பட்ட தீர்ப்பு அது. சார்பாண்மை விதிகள் அனைத்தும் இறுதியில் அம்மனிதரின் நம்பிக்கையைக் காப்பதற்கே ஏற்பட்டவை.